போலி டாக்டரும் நாற்பது ரூபாய் ரப்பரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "வாரண்டியை நீட்டிக்காமல் தெருமுனை மெக்கானிக்கிடம் காரை விடுவது, போலி டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதற்குச் சமம்." படித்ததும் எனக்குக் காபி இறங்கவில்லை. பக்கத்தைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்குக் கார் ஷோரூம் விளம்பரம். தற்செயலாகத்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

38 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2020 ஜனவரியில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன். கம்பெனி வாரண்டி 2 வருடம். மேற்கொண்டு 3 வருடத்துக்கு 13,000 ரூபாய் சொச்சம் கட்டச் சொன்னார்கள். "கட்டிட்டு நிம்மதியா தூங்குங்க சார்" என்றார்கள். கட்டினேன், தூங்கினேன்.

2024 ஏப்ரலில், இங்கே வெயில் 38 டிகிரியைத் தொட்ட நாட்களில், ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஷோரூம் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, இலவசமாகக் காபியும் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்தார். கூலிங் காயில் போய்விட்டதாம், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டுமாம், எஸ்டிமேட் 31,460 ரூபாய். வாரண்டி இருக்கிறதே என்றேன். "அது கேன்சல் ஆயிடுச்சு சார். போன வருஷ சர்வீஸுக்கு 47 நாள் லேட்டா வந்திருக்கீங்க."

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்பது விதி. அந்த வருடம் என் கார் ஓடியதே 3,200 கிலோமீட்டர்தான். ஆயில் மாற்றத் தாமதமானால் ஏசி எப்படி ஐயா கெடும் என்று கேட்டேன். "சிஸ்டம் எடுக்காது சார்." அந்தச் சிஸ்டம் யார், எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

வண்டியை மர்ஃபி டவுனில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் எங்கள் பாயிடம் விட்டேன். வாணியம்பாடிக்காரர். பானெட்டைத் திறந்து, ஒரு பைப் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். கேஸ் ஏற்றி, பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவினார். அந்த ஒரே இடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. "காயில் கல்லு மாதிரி இருக்கு அண்ணே. இந்த ஓ-ரிங்தான் செத்துப்போச்சு." குழந்தை மோதிரம் அளவில் ஒரு கறுப்பு ரப்பர். ஜே.சி. ரோட்டிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்தார், 40 ரூபாய். கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,600. பழைய ரப்பரை அந்தத் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டக் கிளம்பினேன். "பிபி ஏறும், பேசாம உட்காருங்க" என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

இவர்தான் போலி டாக்டர்!

வாரண்டியில் எதெல்லாம் சேராது என்று எழுத உங்கள் நிபுணருக்கு இடம் போதவில்லை போலும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர் எதுவும் சேராது. எலி கடித்த வயரும் சேராது, பெங்களூரில் எலி இல்லாத பார்க்கிங் எங்கே இருக்கிறது? "ஃப்ரீ சர்வீஸ்" என்று ஒருமுறை கூப்பிட்டு 4,870 ரூபாய் பில் போட்டார்கள். அதில் ஏசி கிருமிநாசினி என்று ஒன்று. இரண்டு நாள் எலுமிச்சை வாசனை வந்தது.

தாங்கள் அறியாததல்ல: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, கோர்ட்டு என்று இழுத்தது தனிக் கதை. பாயைப் போலி டாக்டர் ஆக்கியது யார் என்று உங்கள் நிபுணர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

மாப்பிள்ளையின் ஆட்டோமேட்டிக் காருக்கு நான்காம் வருடம் கியர்பாக்ஸ் போய், நீட்டித்த வாரண்டியில் பைசா செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதையும் மறைக்கவில்லை. அந்த மாதிரி வண்டிக்கு, தேதி தவறாமல் ஆஜராகிறவருக்கு, அது லாபம்தான். கையால் கியர் போட்டு ஞாயிறுதோறும் அல்சூர் சோமேஸ்வரர் கோயில்வரை ஓடும் என் வண்டிக்கு எதற்கு?

பெங்களூர்ப் பக்கத்தை நிறுத்தியபோது எழுதினேன், பதில் இல்லை. குறுக்கெழுத்தில் விடை தப்பாக வந்தபோதும் எழுதினேன். விலையை உயர்த்தும்போது மட்டும் முதல் பக்கத்தில் பெட்டி கட்டி "அன்பு வாசகர்களே" என்கிறீர்கள்.

கேட்பது ஒன்றுதான். வாரண்டியில் சேராதவற்றின் பட்டியலை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் போடுங்கள். அடியில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் சேருங்கள்.

அந்தப் பழைய ஓ-ரிங்கை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
அல்சூர், பெங்களூரு - 560 008