குடையைக் கம்பாக்கிக் காட்டிய ஐயாவுக்கு

மட்டக்களப்பு காந்திப் பூங்காவில், வாவிப் பக்கத்து வாங்கில் லப்டொப்போடு இருந்த பொடியன் நான்தான். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் சிலம்பம் ஆடும் ஓர் உருவத்தை அசைத்துக்கொண்டிருந்தேன். கம்பு சுழன்றது, ஆள் மட்டும் மிதந்தான். ஊன்றிய பாதம் ஐஸில் நிற்பதுபோல் வழுக்கியது. கூட்டாளிமாருக்கு அனுப்பினால் "சுப்பர் மச்சான்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து என்னத்தைத் திருத்துவது?

பின்னால் நின்று பார்த்த நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "அடிக்கிறவன்ட காலில பாரமே இல்லையே, மகன்?"

அப்புறம் நான் கேட்காமலே குடையை மடக்கிப் பிடித்து, அடி வைத்துக் காட்டினீர்கள். பின்கால் ஊன்றியதும் முதலில் இடுப்பு திரும்பியது, பிறகு தோள், கடைசியில்தான் கை. என் உருவத்திலோ எல்லாம் ஒரே ஃபிரேமில் புறப்பட்டன. போனில் வீடியோ எடுக்கட்டுமா என்றதும், "இரு" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒருதரம், முன்னால் ஒருதரம் மெதுவாகச் செய்தீர்கள். பூங்காவுக்கு வந்தவர்கள் சிரித்ததை நீங்கள் கவனிக்கவே இல்லை.

வீட்டில் அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், இடுப்பை இரண்டு மூன்று ஃபிரேம் முந்த விட்டேன். பாதத்தை ஐகே (பாதம் நிற்கும் இடத்துக்கேற்பக் காலைத் தானாக மடக்கும் வசதி) கொண்டு தரையில் பூட்டினேன். அடி விழுந்த பிறகு கம்பு சற்றுத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. இப்போது அவன் உண்மையாகவே அடிக்கிறான், ஐயா.

பெயர் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டீர்கள். மிக்க நன்றி. உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் காட்டினால், ஒருநாள் வந்து பாருங்கள். முழங்கால் மடிப்பில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.