கோடை முகாம் நோட்டீஸ் எங்கே, ஆணையர் அவர்களே?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நீச்சல் குளத்திலும் பூங்கா மைதானத்திலும் நடக்கும் கோடைப் பயிற்சி முகாமில் இந்த வருடம் ஏன் ஆள் சேரவில்லை என்று நகர்மன்றக் கூட்டத்தில் கேட்டார்கள். மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆர்வம் அப்படியேதான் இருக்கிறது ஐயா, சேதிதான் போய்ச் சேரவில்லை.

எல்லாம் ஆன்லைன் என்று பிட் நோட்டீஸை நிறுத்தினீர்கள். மிச்சம் இருந்தது அலுவலக வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஏ4 தாள். அதன் மூலையில் 2 செ.மீ. அகலத்தில் க்யூஆர் கோட். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது அகலம் வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் கைக்கணக்கு. நாலடி தள்ளி நிற்பவருக்கு 12 செ.மீ. தேவை. பெட்டிக்குக் கீழே பூந்தொட்டி வரிசை, கண்ணாடியில் வெயில். வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையோடு வந்த அம்மாக்கள் தொட்டிகளுக்கு நடுவே ஒற்றைக் காலை வைத்து, எட்டிப் போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார்கள். அப்படியும் ஸ்கேன் ஆனவர்களுக்குத் திறந்தது 'இணைப்பு காலாவதி'. இலவச சோதனைக் கணக்கில் செய்த டைனமிக் கோட், அதாவது கோட் செய்து கொடுக்கும் தளத்தின் லிங்க் வழியாகச் சுற்றிப் போவது. கணக்கு முடிந்தால் அதுவும் செத்துவிடும். நகராட்சித் தளத்தின் முகவரியையே கோடில் நேரடியாகப் பதிந்திருந்தால் காலாவதியும் கிடையாது, காசும் கிடையாது.

அதே தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டீர்கள். படத்துக்குள் இருக்கும் லிங்கைத் தொட்டால் திறக்காது. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால், உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். நகராட்சி நம்பரை யார் சேவ் செய்கிறார்கள்?

கேட்பது ஒன்றுதான்: முகாமுக்குப் பத்து நாள் முன்னால் பிட் நோட்டீஸ். டெம்மி என்கிற அளவுத் தாளில் ஒரு ரீம் என்றால் 500 ஷீட். எட்டாக வெட்டினால் 4,000 நோட்டீஸ். ஒரு பக்கம், ஒரே கலர், ஒரே பிளேட். செய்தித்தாளுக்குள் வைத்து வீடுவீடாகப் போட, பேப்பர் ஏஜென்ட்டிடம் முந்தின நாள் சாயங்காலமே நோட்டீஸ் கட்டு போய்விட வேண்டும். விடியற்காலை கொண்டுபோனால் பேப்பர் போடும் பையன்கள் கிளம்பியிருப்பார்கள். ஒரு பங்கை ரேஷன் கடைக்கும், ஒரு பங்கைக் கடைசித் தேர்வு நாளன்று பள்ளிகளுக்கும் கொடுங்கள். நான் அச்சகம் நடத்துகிறவன்; அச்சகக்காரன் அச்சடிக்கத்தான் சொல்வான் என்று தோன்றலாம். வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், அடித்தால் போதும்.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கு நேரம் மாறினால், எத்தனை இடம் மிச்சம் என்று சொல்ல, கட்டணம் கட்ட அதுதான் சரி. அச்சடித்த தாளைத் திருத்த முடியாதே. ஆனால் இப்படி ஒரு முகாம் இருப்பதே தெரியாதவர் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஏன் வரப்போகிறார்? தலைவர்கள் வருகிறார்கள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் முழுக்கப் போஸ்டர் முளைக்கிறது. அன்றைக்கு மட்டும் யாரும் 'இன்ஸ்டாவில் போட்டாச்சே' என்று சொல்வதில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும். இரண்டாவது பேட்ச் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து பத்து நாள் முன்னால் நோட்டீஸ் போடுங்கள். மேட்டரைப் பழைய ஃபான்ட்டில் அடித்து அனுப்பினால் அச்சகத்தில் எழுத்து உடையும்; பிடிஎஃப் ஆகக் கொடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் 'எப்படித் தெரிந்தது?' என்று ஒரு வரி சேர்த்தால், எது வேலை செய்தது என்று தங்களுக்கே தெரிந்துவிடும். நோட்டீஸின் கடைசி வரியில், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு போன் நம்பர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊரில் அச்சகம் நடத்தும் ஒருவர்