உன் துவக்கை நினைத்துத்தான்

கொக்குவில்

மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான். நீ அனுப்பிய தைலத்தைப் பூசிக்கொண்டே உன்னைத் திட்டுகிறா.

நீ மான் வேட்டைக்கு 30-06 ரவை போடும் துவக்கு வாங்கிய கதையை மாஸ்டரிடம் சொன்னேன். "கோழி உரிக்கவே பயந்தவனல்லோ?" என்றார். சரி, அதை விடு. அதன் அறையை, ரவை போய் இருக்கும் பரலின் (குழலின்) பின்பகுதியை, அமெரிக்கத் துவக்குத் தச்சர் ஆக்லியின் முறைப்படி வெட்டிப் பெருப்பிக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது.

கோதின், அதாவது ரவையின் பித்தளைக் கூட்டின், வடிவத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. 30-06இன் தோள், கழுத்துக்குக் கீழே கோது குறுகும் இடம், 17½ பாகைச் சரிவு. ஆக்லி அதை 40 பாகை ஆக்கி, உடலின் ஒடுக்கத்தையும் குறைத்தார். உள்ளே கொஞ்சம் கூடுதலாக வெடிமருந்து பிடிக்கும், அவ்வளவுதான். அழுத்தம் மாறாமல் கொள்ளளவு நூற்றுக்கு 4 கூடினால், வேகம் நூற்றுக்கு 1 அளவில்தான் கூடும். அந்த ஒன்று இல்லாவிட்டால் மான் தப்பிவிடுமா? பித்தளை கழுத்துப் பக்கம் நீள்வது குறையும், கோதை அடிக்கடி வெட்டிச் சீராக்கத் தேவையில்லை. உண்மையான இலாபம் அதுதான்.

ஒடுக்கம் சும்மா வைத்ததும் அல்ல. சின்ன வயதில் பொறுக்கித் திரிந்தோமே, அந்த ஏ.கே. கோதை நினைத்துப் பார். அடி பருத்து மேலே ஒடுங்கும். அடுக்கினால் வரிசை வளையும். ரவைக்கூடு வளைந்திருந்தது அதனால்தான். சுட்டபின் கோது மயிரளவு பின்னால் அசைந்தாலே அறைச் சுவரை விட்டு முழுதாக விலகிவிடும். புழுதி பிடித்த துவக்கிலும் வெளியே வந்துவிடும். அதே கோதின் வழியில் வந்ததுதான் 1970களில் பால்மிசானோவும் பின்டெலும் செய்த 6 பி.பி.சி. ரவை. குட்டை, பருமன், ஒடுக்கம் குறைவு, தோள் 30 பாகை. மேசையில் வைத்துச் சுடும் குறிப் போட்டிகளை அது ஆண்டது. ஆனால் அங்கே ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவார்கள். நீ பனிக்குள் கையுறையோடு நிற்கப்போகிறவன்!

இனிப் பகிடி இல்லை, அறையின் பின்வாயை மூடும் போல்ற் பற்றிய பேச்சு. "மருந்தைக் கூட்டியும் போல்ற் இலகுவாகத் திறக்குது, அப்ப அழுத்தம் இல்லை" என்று யாரோ சொன்னதை நம்பாதே. ஆக்லி ஒரு வின்செஸ்டர் துவக்கில் போல்ற் பூட்டைக் கழற்றிவிட்டே சுட்டுப் பார்த்தவர். நேரான சுவர்க் கோது அறையை இறுகப் பிடித்துக்கொள்வதால் போல்ற்றுக்குத் தள்ளல் குறைவு. உள்ளே அழுத்தம் ஒரு துளியும் குறைவதில்லை. உன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். தெரியும்போது பரல் முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும்.

லேத்காரனாக இன்னொன்று. வெறுமனே அறையை வெட்டினால் போதாது. பரலின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்து உள்ளே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையில் வாங்கும் ரவை அறையில் ஆடும், சுட்டதும் அடிப்பக்கம் இழுபட்டு மெலியும், ஒருநாள் அறுந்துபோகும். வேலை செய்கிறவரிடம் இதைக் கேள். அவர் முழித்தால் துவக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா. மருந்தும் அந்த அறைக்கென்று அச்சிட்ட அட்டவணைப்படி, கீழ் அளவிலிருந்து. வேகமானி புத்தகத்தைவிடக் கூடக் காட்டினால் சந்தோசப்படாதே, அங்கேயே நிறுத்து.

பதிலை எழுத்தில் அனுப்பு. வொய்ஸ் போட்டால் பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

உன்
லேத்