ஆடிக்காற்றில் போடிமெட்டு ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஆனி, ஆடியில் தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து வரிசையாகக் கார்கள் ஏறி வருவதை, போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் நடுவில் கேரளப் பக்கம் இருக்கும் பூப்பாறையில் ஜீப் ஓட்டும் நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். வாருங்கள், உங்களால் இங்கே பல வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். மலைமேல் மாநில எல்லையில் இருக்கும் போடிமெட்டிலிருந்து மூணாறு 42 கிலோமீட்டர்தான், ரோடும் இப்போது அகலம். ஆனாலும் மழைக்காலத்தில் அது எத்தனை மணி நேரம் என்று நாங்களே சொல்ல மாட்டோம்.

போடியில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி ஏற வேண்டாம். தென்மேற்கு மழையை மலையின் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்ளும், கீழே வெறும் காற்றுதான் இறங்கும். (ஐப்பசியில் கணக்கு மாறிவிடும். அப்போது போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில்தான் பாறை உருளும்.) போடிமெட்டைத் தாண்டினால் மூடுபனி. மலை மறைத்திருக்கும்வரை காற்று தெரியாது, வளைவு திரும்பியதும் பக்கவாட்டில் அறையும். கேரியரில் தார்ப்பாய் கட்டி மூட்டை ஏற்றிய வண்டி அங்கே ஆடிப்போகும். பைக்கில் வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். மண் ஊறிக் கிடக்கும்போது ஏலக்காய்த் தோட்டத்து நிழல் மரமோ, கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரமோ ஒன்று சாய்ந்தால் போதும், அரைநாள் போய்விடும்.

இந்த ரோடுதான் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் வழி. பெரிய கேஸ் என்றால் தேனி மருத்துவக் கல்லூரிக்குத்தான் இறங்குவோம். ஒரு ஆடி மாதம் பிரசவ வலியில் துடித்த பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தேன். தேவிகுளத்துக்கும் பூப்பாறைக்கும் நடுவில் மலையை ஒட்டிப் போகும் கேப் ரோட்டில் வளைவின் இரண்டு பக்கமும் கார்கள், கதவு திறந்தபடி. எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, ஹாரன் கேட்டு ஓடி வந்தார்கள். ஆனால் வண்டிகளை நகர்த்தி வழிவிட இருபது நிமிஷம் ஆனது. பின்சீட்டில் அவள் அம்மா அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வளைவில் நிறுத்தாதீர்கள், அதைத்தான் கையெடுத்துக் கேட்கிறேன்.

போனை நம்பியும் வராதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் மேல் மலை சரிந்தபோது கரண்ட் இல்லை, டவர் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. எங்கள் ஜனம் 70 பேர் போனார்கள். அதனால் வழியையும் தங்கும் இடத்து நம்பரையும் தாளில் எழுதி வையுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

இறக்கத்தில் செகண்ட் கியரை விடாதீர்கள், பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மதியத்துக்குள் போடியைத் தாண்டிவிடுங்கள். திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். லீவு போதாதென்றால் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் பார்ப்பதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். போடியில் டீ குடிக்கும்போது, மேலிருந்து இறங்கி வந்த டிரைவர் யாரிடமாவது ரோடு எப்படி என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
பூப்பாறையிலிருந்து ஒரு ஜீப் டிரைவர்