பாசியை உரிக்கும் பூட்ஸ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் உள்ள விஸ்ட்மன்ஸ் வுட் என்ற பழமையான ஓக் காட்டுக்குச் சென்ற மாதம் போய்வந்தேன். டூ பிரிட்ஜஸ் என்ற இடத்திலிருந்து வெட்டவெளியில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடை. ஓக் என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில், கிரானைட் பாறைகளின் இடுக்கில் வேர்விட்டு, முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரங்கள். கிளையே தெரியாத அளவுக்குப் பாசி. அந்தப் பாசியில் முளைத்த பெரணிகள்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு மரத்தை வெட்டி வயதைக் கணித்தார்கள். சுமார் 168 ஆண்டுகள். குறுக்களவோ வெறும் 9 அங்குலம். இந்தச் சாதனையைக் கல்லில் வேறு பொறித்து வைத்திருக்கிறார்கள்!

இப்போது யாரும் வெட்டுவதில்லை, மிதிக்கிறார்கள். உள்ளே நுழையாமல் ஓரமாகச் சுற்றிப் பாருங்கள் என்பதுதான் பார்வையாளர்களுக்கான வேண்டுகோள். நான் நின்ற அரை மணி நேரத்துக்குள் இரண்டு குழுக்கள் படம் எடுக்கப் பாறைமேல் ஏறின. ஒருவரின் பூட்ஸ் வழுக்கியதும் பாசி ஜமுக்காளம்போலச் சுருண்டு உரிந்தது. அடியில் சாம்பல் நிறக் கல். வெளியே நின்றாலே படம் நன்றாக வருகிறது, நானும் எடுத்தேன்.

உங்கள் பயணப் பக்கத்தில் இத்தகைய காடுகளைப் பற்றி எழுதும்போது, பாறைமேல் ஏறி நிற்பவர்களின் படங்களைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்