சத்தத்தை நிறுத்தித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் முதல் ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. 7 பகுதிகள், 46 நிமிடம். பாட்டு வரி கிடையாது, தாளம் கிடையாது. சிந்தசைசர், தம்புரா, வெளியே போய்ப் பதிவுசெய்த ஒலிகள், அவ்வளவுதான். ஆம்பியன்ட் இசை என்றால் என்னவென்று கேட்டவர்களிடம், "கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் கேட்குமே, அதிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி" என்று சொல்லி வந்தோம். அட்டையில் எங்கள் இருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் இந்த இசைக்கு முதலில் வேண்டியிருந்தது அமைதி. அதைத் தந்தது நீங்கள்.

வேதாரண்யம் உப்பளத்து அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் முதல் நன்றி. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்று விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறீர்கள். பலகையால் உப்பை வாரும் சத்தத்துக்காக வந்தோம்; அதை நீர் இறைக்கும் டீசல் என்ஜின் விழுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வேலையை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி அண்ணன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, தானே போய் என்ஜினை நிறுத்தினார். 20 நிமிடம். ஈர உப்பு சரசரவென்று குவியும் ஒலி, எங்கோ ஒரு ஆள்காட்டிக் குருவி, அப்புறம் காற்று. மூன்றாம் பகுதி முழுக்க அந்த 20 நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

பாட்டு டீச்சருக்கு என்ன சொல்வது! மே மாத மதியம், ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்றதும் சுவிட்சை அணைத்துவிட்டு, மூன்று மணி நேரம் தம்புரா மீட்டினீர்கள். தந்திக்கு அந்த ரீங்கார நாதத்தைத் தரும் ஜீவா சரியாகப் பேசவில்லை என்று, தந்தி படியும் குதிரைமேல் இருந்த நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள். டீச்சர், அந்த மீட்டலைப் பாதி வேகத்துக்கு இறக்கியிருக்கிறோம். சுருதி ஒரு ஸ்தாயி கீழே போய்விட்டது. ஆனாலும் நீங்கள் வைத்த ஜீவா அப்படியே கேட்கிறது.

கீழ்வீட்டு அக்கா, எங்களுக்காக மோட்டார் போடும் நேரத்தையே மாற்றினீர்கள். எலக்ட்ரீஷியன் தம்பி, பதிவில் விடாமல் கேட்ட அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு எர்த் கம்பி சரியில்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தாய். இரண்டு வாரமாக நாங்கள் கணினியில் தேடியது சுவரில் இருந்திருக்கிறது.

சிந்தசைசரை ஆறு மாதம் திருப்பிக் கேட்காத நண்பா, அதைவிடப் பெரியது நீ சொன்ன செய்தி. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் வைத்து நம்மவர்கள் இசை செய்தார்கள் என்றாய். இது நமக்கு வேற்று ஊர்ச் சரக்கு என்ற கூச்சம் அன்றோடு போனது.

வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையைச் செய்த அண்ணன், மற்ற ஆல்பங்கள் அளவுக்குச் சத்தத்தை ஏற்றித் தரச் சொன்னோம். மறுத்துவிட்டீர்கள். கோபம்கூட வந்தது, மன்னியுங்கள். இப்போது ஐந்தாம் பகுதியின் கடைசியில் மழை அடங்குவது கேட்கிறதென்றால் அது உங்களால்தான்.

இசைக்கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம், விற்பனையில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளியாகப் பார்த்து வெளியிட்டோம்; அன்றே வாங்கியவர்களுக்கும் நன்றி.

மேஸ்திரி அண்ணன், அடுத்த மாதம் வேதாரண்யம் வருகிறோம், ஹெட்போனோடு. அந்த 20 நிமிடத்தை, எங்கள் இசை எதையும் சேர்க்காமல், உங்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும்.