இன்னொரு சாவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். போனில் பேசினால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தம்பி இதைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னக்குட்டி என்னவோ சொல்ல வந்தாள். நீ போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாய். எனக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். அதனால் எதுவும் என் காதில் விழவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

நான் எழுத வந்தது வேறு. அங்கே உன்னோடு மூன்று மாதம் இருந்தேனே, அப்போது குட்டிக்கு ஊசி போடப் போன இடத்தில் சுவரில் ஒரு அறிவிப்பு இருந்தது. நீதான் படித்துச் சொன்னாய். நேர வங்கி. யாருக்காவது ஒரு மணி நேரம் உதவினால் உன் கணக்கில் ஒரு மணி வரவு. உனக்கு வேண்டும்போது வேறு யாரோ வந்து ஒரு மணி நேரம் உதவுவார்கள். வக்கீல் யோசனை சொன்னாலும் கிழவிக்குக் கடைச் சாமான் தூக்கிக் கொடுத்தாலும் மணிக்கு மணிதான். “மொய் நோட்டு மாதிரி இருக்கிறதப்பா” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

ஊருக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. தம்பியைத் தேடச் சொல்லிப் படித்தேன். லண்டனில் உங்கள் கேட்ஃபோர்டிலேயே, ரஷி கிரீன் டாக்டர்கள் இருக்கும் இடத்தில் 1999இல் இப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். மாத்திரை கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இல்லாதது பேச்சுத் துணை என்று அங்கிருந்த டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் எட்கர் கான் என்ற வக்கீல் 1980இல் மாரடைப்பு வந்து படுத்தபோது, இனி நாம் யாருக்கும் பயன்படமாட்டோமோ என்று கலங்கி, அந்தக் கலக்கத்தில்தான் இந்த யோசனைக்கு வந்தாராம். அவருக்கும் முன்னால், 1973இலேயே, ஜப்பானில் ஒசாகாவில் மிசுஷிமா என்ற அம்மாள் நடத்தியிருக்கிறார். யுத்த காலத்தில் துணி தைத்துக் கொடுத்துக் காய்கறி வாங்கிக்கொண்டவர். உன் அம்மா இருந்திருந்தால், “இதற்கு ஒசாகா வரை போகவேண்டுமா, நான் எத்தனை வீட்டுக்குக் கீற்று முடைந்திருக்கிறேன்” என்று கேட்டிருப்பாள். உண்மைதான். நம் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை வேய என்றைக்கு நாம் கூலி கொடுத்தோம்?

நீ அதில் சேர். உனக்கு என்ன தெரியாது? ஓரம் மடித்துத் தைப்பதில் அம்மா கை உனக்கு அப்படியே வந்திருக்கிறது. கணக்குச் சொல்லிக்கொடுத்தால் மக்குப் பிள்ளைக்கும் ஏறும். பல்கலைக்கழகத்தில் மெடல் வாங்கியவள் நம் தெருவில் நீ ஒருத்திதான். மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டபோது என் பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை சொன்னேன், அது என் பெண் என்று. ஆனால் அத்தனை படித்தவள் மூன்று வருடம் குடியிருந்தும் எதிர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் “நீலக் கதவு வீடு” என்கிறாய். கதவுக்கா கூப்பிட்டால் காது கேட்கும்?

உன் வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? இதை மட்டும் எழுது. நீ வேலையில் மாட்டிக்கொண்டால் குட்டியைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவார்கள்? உனக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் கதவை யார் திறப்பார்கள்? மாப்பிள்ளை இருக்கிறார் என்பாய். அவர் வேலையாக வெளியூர் போகிறவர், அதைத்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. ஒரு சாவியைக் கொடுத்து வை. தபால்பெட்டிக்குள்ளோ செடித் தொட்டிக்கு அடியிலோ அல்ல, ஒரு மனுஷியிடம்.

யாரிடமும் கடன்படக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்பாய். கேள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பத்தாவது படிக்கும்போது டியூஷனுக்கு மேல வீட்டு மாமாவின் சைக்கிளை வாங்கிவந்தாய். வாசலிலேயே நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு வருடம் நடந்தே போனாய். என் பெண் யாரிடமும் கைநீட்டமாட்டாள் என்று அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கஜா புயல் பற்றியும் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 விடியும்போது நம் தோப்பில் நின்றவை ஒன்பது மரம். சமையற்கட்டு ஓட்டின் மேல் ஒன்று, கொட்டகை மேல் இரண்டு. மரம் அறுக்கும் மெஷின் எங்கும் கிடைக்கவில்லை. எங்கிருந்தோ ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மேல வீட்டு மாமாவும் அவர் பையன்களும் வந்து இரண்டு நாள் அறுத்தார்கள். அம்மா கஞ்சி ஊற்றினாள், அதைத் தவிர ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் தோப்பு. “அண்ணே, நாளைக்கு வந்துவிடுங்கள்” என்றார். நான் போகவில்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று பேச்சு; கணக்கெடுப்பில் நம் மரம் விட்டுப்போகக் கூடாதே என்று பட்டா நகலை எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போனேன். எனக்குப் பதிலாகக் கூலிக்கு ஒரு ஆள் பிடித்து அனுப்பினேன். 800 ரூபாய், முன்பணமாகவே கொடுத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தால் அந்த ஆள் நம் திண்ணையில் இருக்கிறான். பணம் அவன் கையில் நான்காக மடித்தபடியே இருந்தது. “நான் ஆளா கேட்டேன், அவரைத்தானே கூப்பிட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு மாமா என்னை எதற்கும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

அம்மா படுத்த நாற்பது நாளும் ராத்திரி வந்து படுத்தது யார் தெரியுமா? மாமி. உனக்கு டிக்கெட் கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் நீ பார்க்கவில்லை. கைலாகு கொடுத்துத் தூக்கி உட்காரவைத்துத் தலை வாரிவிடுவார். நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பியைத் திட்டாதே, சொல்லக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தம்பி தஞ்சாவூரில் இருந்தான். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டுதான். முன்பு ஒருமுறை மாமி கேட்டு வாங்கி வைத்திருந்த சாவி. காலையில் பால் பாத்திரம் வாசலிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டுத் திறந்து வந்தார்கள். எலும்பு முறியவில்லை, இப்போது நன்றாக நடக்கிறேன். மாமாவுக்குப் பேங்க் கடிதங்களைப் படித்துச் சொல்லி மனு எழுதிக் கொடுக்கிறேன். எழுபது வயதில் இப்போதுதான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரப் பழகுகிறேன். முதல் நாள் எங்கே கையை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தம்பிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மற்றதெல்லாம் அப்படியேதான்.

சாவி விஷயத்தை மறந்துவிடாதே. நீலக் கதவைத் தட்டி, பாவாடைக்கு ஓரம் தைக்க வேண்டுமா என்று கேள். அதிலிருந்து தொடங்கு. என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நான்கு வருடம் காலம் இருக்கிறது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தம்பி விசாரித்து வைத்திருக்கிறான். நீ எதையும் விளக்க வேண்டியதில்லை. வாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

வழக்கமாக உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதுவேன். இந்த முறை உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அப்பா